சினை எலியும் எய்தவர்களும்

இரவு ஒரு மணிக்கு மேல்தான் பஹ்ரைனின் குதைபியாவில் ஓட்டல் சமையலறைகளின் அடுப்பு அணைகிறது. பரோட்டாக் கல்லைச் சுரண்டி, தரையில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, ஷட்டர் பாதி இறங்கிய பிறகு பெஸ்ட் கண்ட்ரோல் வேன் வந்து நிற்கும். இரண்டு பேர் இறங்குவார்கள். கையில் டார்ச், ரப்பர் கையுறை, சாவி போட்டுத் திறக்கும் கறுப்பு மருந்துப் பெட்டிகள், ஒரு கட்டுப் பசை அட்டை. பஹ்ரைனில் மளிகைக் கடைக்குக் கோல்டு ஸ்டோர் என்று பெயர். அந்தக் கோல்டு ஸ்டோரின் பின்னறை, ஓட்டலின் ஸ்டோர் ரூம், பேச்சிலர்கள் நெருக்கியடித்துப் படுக்கும் அறையின் கட்டிலடி என்று வேலை விடியும்வரை நீளும். பஹ்ரைன் நாடாளுமன்றமும் பழைய அரண்மனையும் இருக்கிற அதே குதைபியாதான். சந்து திரும்பினால் குப்பைத் தொட்டி, தொட்டிக்கு அடியில் எலி.

அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்த பசை அட்டையை இழுக்கும்போது, ஒட்டிக்கொண்ட எலி பல நேரம் உயிரோடுதான் இருக்கும். பக்கவாட்டில் விழுந்து, ஒரு பக்கத்து மீசையும் காதும் பசையில் புதைந்து, மேலே இருக்கும் கண் மட்டும் டார்ச் வெளிச்சத்தைப் பார்க்கும். வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருந்தால், ரோமம் விலகிக் காம்புகள் வரிசையாகத் தெரிந்தால், மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை. "சினைடா தம்பி" என்று மூத்தவர் சொல்வார். தம்பி கறுப்புப் பையை விரிப்பான். கடைக்காரர் கல்லாவிலிருந்தே, "கிடைச்சுதா அண்ணே? சீக்கிரம் கொண்டு போயிடுங்க, எனக்குப் பார்க்கவே பிடிக்காது" என்பார்.

பார்க்கப் பிடிக்காது என்று சொல்லும் வசதி அவருக்கு இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வசதி இல்லாதவர்களைப் பற்றியது.

நம் ஊரில் வீட்டில் ஒருத்தி மாசமாக இருந்தால் அவள் கணவனுக்கும் சில விலக்குகள் உண்டு. பாம்பை அடிக்கக் கூடாது. எந்த உயிரையும் கொல்லக் கூடாது. பிணம் தூக்கக் கூடாது. சில வீடுகளில் முடி வெட்டிக்கொள்ளவும் விடமாட்டார்கள். தாடியோடு திரிகிற ஆளைப் பார்த்து, "என்னப்பா, வீட்டுல விசேஷமா?" என்று ஊர் கேட்கும். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாம். எலியை அடித்தால் பிள்ளைக்குக் குறை வரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் அந்த வழக்கம் செய்த ஒரு காரியம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கொல்ல வேண்டிய வேலை இருந்தாலும், அதை ஒருவன் கொஞ்ச காலம் அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு விலகி நிற்க அது அனுமதி தந்தது. வயலில் எலி வெட்ட வேண்டுமா, இந்தப் பத்து மாதமும் தம்பி வெட்டட்டும். ஊரே அதை ஒப்புக்கொண்டது.

வளைகுடாவில் மருந்தடிக்கும் வேலைக்கு வந்தவனுக்கு அந்தத் தம்பி கிடையாது. மனைவி ராமநாதபுரத்திலோ தென்காசியிலோ ஏழாம் மாதம். வளைகாப்பு போட்டோ வாட்ஸ்அப்பில் வருகிறது. அம்மா போனில், "ஏதும் அடிச்சுக் கிடிச்சுப் போடாதய்யா" என்கிறாள். மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று அவளுக்கு முழுக்கச் சொல்லப்பட்டிருக்காது. "க்ளீனிங் கம்பெனி" என்று சொல்லியிருப்பான். அன்றிரவும் வேன் வரும்.

இப்படியொரு எலி தன் கையில் சிக்கியது துரதிர்ஷ்டம் என்றுதான் அவன் நினைப்பான். அதில் துரதிர்ஷ்டம் எதுவும் இல்லை, கணக்கே அப்படி. சாக்கடை எலியின் சினைக் காலம் 21 முதல் 23 நாள். குட்டி போட்ட ஒரு நாளுக்குள் மறுபடி இணை சேரும். பால் கொடுத்துக்கொண்டே அடுத்த சினையைச் சுமக்கும். சுண்டெலிக்கு இன்னும் குறைவு, 19 முதல் 21 நாள். சாப்பாடும் கதகதப்பும் இருக்கும் கட்டடத்தில் வருடம் முழுக்க இது நிற்காது. ஆகவே நன்றாக வேரூன்றிய ஓர் எலிக் கூட்டத்தில் வளர்ந்த பெண் எலி அகப்பட்டால், அது சினையாகவோ பாலூட்டிக்கொண்டோ, இரண்டுமாகவோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். வயிறு தெரிகிற எலியைத்தான் நாம் சினை என்கிறோம். வயிறு தெரியாமல் பைக்குள் போனவை எத்தனையோ.

முயலைக் கொன்று பிழைக்கிறவர்களுக்கு இது பழகிய சங்கதி. 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரருக்காக இங்கிலாந்திலிருந்து 24 முயல்கள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்குக் கப்பலில் வந்தன. வேட்டை விளையாட்டுக்காக. அடுத்த ஐம்பது வருடத்தில் கண்டத்தின் பெரும்பகுதியை அவற்றின் வம்சம் மேய்ந்துவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆயிரம் மைலுக்கும் மேல் வேலி போட்டார்கள். 1950இல் மிக்சோமா என்ற வைரஸை ஏவிவிட்டார்கள். துப்பாக்கி, விஷம், வளையைப் புல்டோசரால் கிழிப்பது எல்லாம் இன்றும் நடக்கிறது. முயலின் சினைக் காலம் ஏறக்குறைய ஒரு மாதம். தாய் முயல் நாளுக்கு ஒருமுறை, சில நிமிடம்தான் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும். பிறகு வளையின் வாயை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். மேய்ச்சலில் இருக்கும் தாயைச் சுட்டால் மண்ணுக்கடியில் குட்டிகள் பசியில் சாகும். சுட்டவருக்கு அது தெரியாது. தோலுரிக்கும்போது வயிற்றில் இருக்கும் குட்டிகள் மட்டும்தான் கண்ணில் படும். குற்ற உணர்வு பெரும்பாலும் கண் வழியாகத்தான் வருகிறது.

ஆஸ்திரேலிய வேளாண் துறைகள் இதற்குச் சொல்லும் வழி மனசு சம்பந்தப்பட்டது அல்ல, காலண்டர் சம்பந்தப்பட்டது. கோடையின் கடைசியில், புல் காய்ந்து முயல்கள் இனப்பெருக்கத்தை நிறுத்தியிருக்கும் நேரத்தில் விஷம் வை. மிஞ்சியதை வளையைக் கிழித்து முடி. அவர்களுடைய காரணம் செலவும் பலனும்தான். முயல் குறைவாக இருக்கும்போது அடித்தால் திரும்பப் பெருகுவது தாமதமாகும். ஆனால் அந்தக் கணக்கிலேயே சினை முயலும் தப்பிக்கிறது. கருணையும் சிக்கனமும் ஒரே தேதியில் வந்து நிற்பது அபூர்வம்.

குதைபியாவில் அப்படியொரு பருவம் இல்லை. வெளியே வெயில் கொளுத்தி, மதியம் வெளிவேலைக்கே அரசு தடை போடுகிற மாதங்களிலும் உள்ளே ஏசி ஓடுகிறது, அரிசி மூட்டை இருக்கிறது.

மருந்து வைத்துவிட்டால் இந்தச் சங்கடம் வராதே என்று கேட்கலாம். கேட்பார்கள். கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும் புரோமடியோலோன் கட்டி இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் மருந்து. தின்ற எலி உடனே சாகாது. மூன்று நான்கு நாள் கழித்து, பலவீனமாகி, எங்கோ சுவருக்குள் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து சாகும். கூட்டில் குட்டி இருந்தால் அதுவும் போகும். பசை அட்டையில் கண்முன் நடப்பது இங்கே பல நாளாகக் கண்மறைவில் நடக்கிறது, அவ்வளவுதான். இதில் நல்லது கெட்டது சொல்ல ஒரே அளவுகோல்தான் உண்டு: எவ்வளவு நேரத்தில் சாகிறது. அந்தக் கணக்கில் ஒழுங்கான ஸ்பிரிங் பொறி இரண்டையும்விட மேல். கழுத்தில் விழுந்தால் நொடியில் முடியும். பசை அட்டையைச் சில இடங்களில் தடையே செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பொதுமக்கள் பசைப் பொறி வைப்பதைத் தடுத்தார்கள். இந்தியாவில் விலங்கு நல வாரியத்தின் வேண்டுகோளை ஏற்றுப் பல மாநிலங்கள் தடை உத்தரவு போட்டிருக்கின்றன. ஆனாலும் பசை அட்டை மலிவு, சமையலறையில் விஷம் வைக்கும் பயமும் இல்லை. அதனால் கேட்கிறார்கள், வைக்கிறார்கள்.

சினைப்பட்ட உயிரைத் தொடக் கூடாது என்ற எண்ணம் சட்டத்திலும் ஏறியிருக்கிறது. இந்தியாவின் 2001 இறைச்சிக்கூட விதிகள் சினையாக உள்ளதையும் மூன்று மாதத்துக்குட்பட்ட கன்றோ குட்டியோ உள்ளதையும் அறுக்கக் கூடாது என்கின்றன. அதே ஆண்டின் தெருநாய் விதிகள், பிடிபட்ட நாய் சினையாக இருந்தால் கருவைக் கலைக்காமல் குட்டி போடும்வரை விட்டுவிடச் சொல்லின. எலிக்கு இப்படி யாரும் விதி எழுதவில்லை, எழுதவும் முடியாது. கையுறை போட்ட ஆளின் மனசு மட்டும் அந்த விதியை எலிக்கும் நீட்டிக்கொள்கிறது.

அதற்கு அவனைக் குறை சொல்ல முடியாது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் பன்றிக்குட்டிக்கு முலை கொடுத்த படலம் என்று ஒன்று உண்டு. பாண்டியன் வேட்டையில் தாய்ப்பன்றி செத்துப்போக, காட்டில் தவித்த பன்னிரண்டு குட்டிகளுக்குச் சொக்கநாதர் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுக்கிறார். மதுரைக்காரர்கள் சிற்பத்தில் பார்த்திருப்பார்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம். வலையில் மாட்டிய பெண்மான் குட்டிக்குப் பால் கொடுத்து வருகிறேன் என்கிறது. நபிகள் வேடனிடம் தானே பிணை நிற்கிறார். மான் குட்டியோடு திரும்பி வருகிறது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் படித்த கதை. அரபு மண்ணில் நடப்பதாகத் தமிழில் பாடிய கதை, இங்கே குதைபியாவில் கறுப்புப் பையோடு நிற்பவனுக்கு நினைவு வந்தால் ஆச்சரியமில்லை.

இரண்டு கதையிலும் வேட்டையே தப்பு என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நபிமொழித் தொகுப்புகளில் எலி, தேள், காகம் முதலிய ஐந்து தீங்கு செய்யும் உயிர்களைக் கொல்ல அனுமதி இருக்கிறது. கொன்றால் ஒழுங்காக, வேதனை நீளாமல் கொல்லுங்கள் என்ற கட்டளையும் அதே தொகுப்புகளில் இருக்கிறது. பலர் முதலாவதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இந்த உணர்வை இளகிய மனசுக்காரர்களின் வியாதி என்று நினைக்க வேண்டாம். 2001இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது அறுபது லட்சத்துக்கும் மேல் கால்நடைகளைக் கொன்றார்கள். பிப்ரவரியில் தொடங்கியது, ஆடுகள் குட்டி போடும் காலம். சினை ஆடுகளும் பிறந்த குட்டிகளும் அதில் அடக்கம். லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோய் தாக்கிய பகுதி மக்களிடம் டைரி எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். விவசாயிகள் மட்டுமல்ல, கொன்றவர்கள், அப்புறப்படுத்தியவர்கள், லாரி ஓட்டியவர்கள் வரைக்கும் அந்த நினைவு நெடுங்காலம் விடாமல் தொடர்ந்தது தெரிந்தது. அவர்களில் பலர் தலைமுறைகளாக ஆடு வளர்த்து இறைச்சிக்கு விற்றவர்கள்.

"அது எலிதானே, விடு" என்ற ஆறுதல் அதனால்தான் வேலைக்காகாது. ஒரு நல்ல சூப்பர்வைசர் சொல்ல வேண்டியது வேறு. பசை அட்டையை ராத்திரி முழுக்க விடாதே, நடுவில் ஒருமுறை பார். பிடிபட்டால் பையில் கட்டித் தொட்டியில் போட்டுவிட்டுப் போகாதே. உடனே ஒரே அடியில் முடி, முடிந்ததா என்று பார்த்துவிட்டுக் கட்டு. மனைவி மாசமாக இருக்கிற ஆளுக்குக் கரப்பான், கொசு வேலையைக் கொடு. எலி வேலையை அடுத்த ஜோடிக்கு மாற்று. ஒரு பைசா செலவில்லை. ஊர் செய்த ஏற்பாட்டைக் கம்பெனி செய்யலாம். முக்கியமாக, வேனில் அதைப் பேச விடு. கிண்டல் வரும், வரட்டும்.

இவ்வளவும் அம்பின் கணக்கு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். தின்பவன் இல்லாவிட்டால் விற்பவன் இல்லை என்று வள்ளுவர் புலால் மறுத்தலில் வாதாடுகிறார், எலிக்கும் பொருந்தும். எலி வந்த பிறகு வேனைக் கூப்பிடுவது எளிது. வராமல் செய்வதற்குத்தான் கை நீளாது. சுண்டெலி நுழைய ஒரு பென்சில் பருமன் ஓட்டை போதும், சாக்கடை எலிக்குக் கொஞ்சம் பெரிதாக வேண்டும். ஏசிக் குழாய் சுவருக்குள் போகும் இடம், கழுவுதொட்டிக்கு அடியில் பைப் இறங்கும் இடம், பின்கதவுக்கும் தரைக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. பழைய கட்டடங்களில் இந்த மூன்றையும் தேட வேண்டியதே இல்லை. இரும்பு நாரும் சிமென்ட்டும் வைத்து முதல் இரண்டை அடைக்கலாம். கதவுக்கு ஒரு ரப்பர் பட்டை. இரவில் மாவு மூட்டையின் வாயைக் கட்டி, மூடியுள்ள டப்பாவில் வைத்தால், தொட்டி நிரம்பி வழியாமல் பார்த்துக்கொண்டால், இனப்பெருக்கம் தானாகச் சுருங்கும். சாப்பாடு குறைந்தால் எலி குறைவாகத்தான் ஈனும். குதைபியாவில் முயல்காரர்களின் அந்தக் காய்ந்த பருவத்தை இப்படித்தான் உண்டாக்க முடியும்.

வேனில் வருபவர்கள் இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதித்தான் கொடுக்கிறார்கள். கடைக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொள்வார். கதவுப் பட்டைக்குச் சில தினார் ஆகும். அதைக் கட்டட முதலாளி போடுவதா, வாடகைக்கு இருப்பவர் போடுவதா என்பது இன்னும் தீரவில்லை.