கழிவுநீரில் நைட்ரஜன்: காற்றைக் கூட்டுவதா, குறைப்பதா?

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளிவரும் நீர் தெளிந்திருக்கிறது, நாற்றமும் இல்லை என்றால், ஆற்றில் விடத் தகுந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால், வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்குச் சுமார் 40 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. சிறுநீரின் யூரியாவிலிருந்தும் புரதக் கழிவிலிருந்தும் வரும் அது, குழாயில் ஓடிவரும் வழியிலேயே பெரும்பாலும் அம்மோனியாவாக மாறிவிடுகிறது. கரிமக் கழிவை மட்டும் நீக்கும்படி கட்டப்பட்ட நிலையங்களில், இதில் பெரும்பகுதி அம்மோனியாவாகவோ நைட்ரேட்டாகவோ தப்பி வெளியேறிவிடும்.

ஏன் கவலைப்பட வேண்டும்?

அம்மோனியா மீன்களுக்கு நஞ்சு. நீர் சூடாகவும் காரத்தன்மையுடனும் இருந்தால் அதன் வீரியம் கூடும். ஆற்றில் கலந்த ஒவ்வொரு கிராம் அம்மோனியா நைட்ரஜனும் நைட்ரேட்டாக மாறுவதற்குள் சுமார் 4.6 கிராம் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். நைட்ரேட்டோ பாசிக்கு உரம். பாசி பெருகி, மடிந்து, அழுகும்போது அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் கோடைதோறும் மீனும் நண்டும் வாழ முடியாத பகுதி உருவாவது இப்படித்தான். பண்ணைகளின் உரமும் நகரங்களின் கழிவுநீரும் சேர்ந்து செய்யும் கேடு அது. நிலத்தடி நீருக்கும் ஆபத்து உண்டு. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரநிலை.

இரண்டு கட்ட வேலை

வீட்டுக் கழிவுநீரிலிருந்து நைட்ரஜனை நீக்க மலிவான வழி நுண்ணுயிரிகள்தான். முதல் கட்டத்தில் அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். இரண்டாம் கட்டத்தில் ஆக்சிஜன் இருக்கவே கூடாது. அப்போதுதான் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைச் சுவாசத்துக்கு எடுத்துக்கொள்ளும்; நைட்ரஜன் வாயுவாகிக் காற்றோடு கலந்துவிடும். காற்றில் 78 சதவீதம் அதே வாயுதான் என்பதால் அதனால் தீங்கில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. இரண்டாம் கட்டப் பாக்டீரியாக்களுக்கு இரை வேண்டும். கழிவுநீரின் கரிமப் பொருள்தான் அந்த இரை. ஆனால், முதல் கட்டத்தில் ஊட்டும் காற்று அதைத் தீர்த்துவிடுகிறது. 1970-களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கப் பொறியாளர் ஜேம்ஸ் பர்னார்டு இதற்கான தீர்வைச் செம்மைப்படுத்தினார். காற்றில்லாத் தொட்டியை முன்னால் வைத்து, காற்றூட்டும் தொட்டியின் நீரை பம்ப் மூலம் அங்கே திருப்பி அனுப்புவது அவர் வகுத்த ஏற்பாடு. அந்த நீரிலுள்ள நைட்ரேட்டை, புதிதாக வரும் கழிவுநீரின் கரிமப் பொருளைத் தின்று பாக்டீரியாக்கள் சிதைக்கும். முதல் கட்டத்தில் செலவான ஆக்சிஜனில் பாதிக்கும் மேல் இப்படி ஈடாகிறது.

இந்தச் சுழற்சிக்கும் எல்லை உண்டு. நிலையத்துக்கு வரும் நீரைப்போல் 4 மடங்கைத் திருப்பி அனுப்பினால் நைட்ரேட்டில் அதிகபட்சம் 80 சதவீதம் நீங்கும். 6 மடங்கானாலும் 86 சதவீதத்தைத் தாண்டாது. மின்செலவு ஏறுவதோடு, திரும்பும் நீருடன் ஆக்சிஜனும் புகுந்து முன்தொட்டியின் வேலையைக் கெடுக்கும். ஆகவேதான் மிச்சத்தை நீக்க, பின்னால் இன்னொரு காற்றில்லாத் தொட்டியைப் பர்னார்டு சேர்த்தார்.

எங்கே தவறுகிறது?

கழிவுநீரின் அம்மோனியா அளவு காலையில் ஏறும், நள்ளிரவில் இறங்கும். காற்றூதிகளோ பல இடங்களில் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. தேவைக்கு மேல் ஊதிய காற்று மின்சாரத்தை வீணாக்குவதோடு இரையையும் அழிக்கிறது. இதன் விளைவைக் கசடு படியும் தொட்டியிலேயே பார்க்கலாம்: படிந்த கசடு திட்டுத்திட்டாக மேலே மிதந்து வரும். மிஞ்சிய நைட்ரேட், இடம் தவறி அங்கே வாயுவாகி, கசடைத் தூக்கிவிடுகிறது.

இரை போதாத நிலையங்கள் அதை விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. வாஷிங்டன் நகரின் புளூ பிளெய்ன்ஸ் நிலையம், செசபீக்கில் சேரும் பொட்டோமேக் ஆற்றைக் காக்க, நைட்ரேட்டைச் சிதைக்கும் தொட்டியில் மெத்தனால் ஊற்றுகிறது.

எனவே, மேம்பாட்டின் முதல் படி அளவிடுவது. தொட்டியில் அம்மோனியா உணரியைப் பொருத்தி, அது காட்டும் அளவுக்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். காற்றை விட்டுவிட்டும் ஊதலாம். கழிவுநீரை ஒரே வாயிலில் கொட்டாமல், வரிசையாக உள்ள காற்றில்லாப் பகுதிகளுக்குப் பகிர்ந்து கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் இரை கிடைக்கும்.

பாதி வழியில் ஒரு குறுக்குவழி

அம்மோனியாவை நைட்ரேட் வரை கொண்டுபோய்த்தான் ஆக வேண்டுமா? ஆக்சிஜனே இல்லாமல் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் இணைத்து நைட்ரஜன் வாயுவாக்கும் உயிர் இருக்க வேண்டும் என்று ஆஸ்திரிய விஞ்ஞானி எங்கெல்பர்ட் புரோடா 1977-ல் கணித்தார். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், ஒரு தொழிற்சாலையின் சுத்திகரிப்பு உலையில் அம்மோனியா எதிர்பாராமல் குறைவதை ஆராய்ந்தபோது அந்த உயிர் சிக்கியது. அதுவே அனமாக்ஸ் பாக்டீரியா. அம்மோனியாவில் ஏறத்தாழ பாதியை நைட்ரைட் வரை மாற்றினால் போதும். மீதியை அது பார்த்துக்கொள்ளும். ஆக்சிஜன் தேவை சுமார் 60 சதவீதம் குறைகிறது. கரிம இரை தேவையே இல்லை. 2002-ல் ராட்டர்டாமில் இதன் முதல் முழு அளவு உலை இயங்கத் தொடங்கியது.

ஆனால், இந்தப் பாக்டீரியா மெல்லத்தான் பெருகும். குளிர்ந்த, நீர்த்த கழிவுநீரில் நைட்ரேட் உண்டாக்கும் பாக்டீரியா முந்திக்கொள்ளும். எனவே, கசடிலிருந்து பிழியப்படும் அம்மோனியா மிகுந்த வெதுவெதுப்பான நீருக்கே ஐரோப்பாவில் இம்முறை பெரும்பாலும் பயன்படுகிறது.

சிங்கப்பூரின் சாங்கி நிலையம் வேறொன்றைக் காட்டியது. அங்கே கழிவுநீரின் வெப்பம் 28 முதல் 32 டிகிரி செல்சியஸ். கழிவுநீரைப் பகிர்ந்து கொடுக்கும் முறையும், காற்றுள்ள, காற்றில்லாப் பகுதிகள் மாறிமாறி வருவதும், கசடு குறைந்த நாட்களே தங்குவதும் நைட்ரேட் உண்டாக்கும் பாக்டீரியாவை ஒடுக்கின. அனமாக்ஸ் தானாகவே வேரூன்றி, நைட்ரஜன் நீக்கத்தில் கணிசமான பங்கை ஏற்றிருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். வெப்ப நாடுகளுக்கு இது பெரிய நம்பிக்கை.

எச்சரிக்கை ஒன்று

காற்றைக் கண்மூடித்தனமாகக் குறைப்பதும் தவறு. ஆக்சிஜன் போதாமல் நைட்ரைட் தேங்கினால் நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறும். 100 ஆண்டுக் கணக்கில், கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு அது. நீரைக் காப்பாற்றி காலநிலையைக் கெடுப்பதில் பயனில்லை.

இங்கே என்ன செய்யலாம்?

சுத்திகரித்த நீரில் மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற அளவுகோலை 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வலியுறுத்தியது. நம் ஊர் வெப்பத்தில் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா வேகமாக வளரும். அந்த அளவில் இயற்கை நமக்குத் துணை நிற்கிறது. இருக்கும் காற்றூட்டும் தொட்டியின் முன்பகுதியைத் தடுத்துக் காற்றில்லாப் பகுதியாக்குவது, உணரி பொருத்துவது, இயக்குபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது ஆகிய மூன்றையும் புதிய நிலையத்துக்குக் கோடிகளை ஒதுக்கும் முன்பே செய்யலாம். ஒவ்வொரு நிலையமும் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் அளவுகளைத் தனித்தனியே அளந்து மக்களுக்கு வெளியிட வேண்டும். நைட்ரஜன் எந்தக் கட்டத்தில் சிக்கி நிற்கிறது என்பதை அந்த மூன்று எண்களே சொல்லிவிடும்; எந்தத் தொட்டியைத் திருத்த வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.