குடும்பம் நிலைக்க வகுப்பு மட்டும் போதுமா?

கணவன் மனைவி கதைப்பதிலும் சண்டை பிடிப்பதிலும் அரசாங்கத்துக்கு என்ன அலுவல் என்று நம்மில் பலர் கேட்கக்கூடும். ஆனால் ஐக்கிய அமெரிக்காவில் அரசாங்கமே பணம் ஒதுக்கி, வறிய தம்பதியருக்கு இல்லறத்தை நல்லமுறையில் நடத்துவது பற்றி வகுப்புகள் நடத்தியது. அதனால் கிடைத்த பலன் என்ன, கிடைக்காத பலன் என்ன என்பதை இங்கே பார்ப்போம். காணியையும் தொழிலையும் இழந்து, வீட்டுக்குள் அதன் பாரத்தைச் சுமந்த குடும்பங்களுக்கு இதில் அறிய வேண்டியவை உண்டு.

முயற்சி தொடங்கிய விதம்

1996இல் அமெரிக்காவின் நிவாரணச் சட்டம் மாற்றப்பட்டது. திருமணத்தை ஊக்குவிப்பதும், தாயும் தந்தையும் சேர்ந்து பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களைப் பேணுவதும் புதிய சட்டத்தின் நோக்கங்களுட் சேர்க்கப்பட்டன. 1999இல் ஒக்லஹோமா மாநிலத்தின் ஆளுநராயிருந்த பிராங்க் கீற்றிங், மணமுறிவுகளை மூன்றில் ஒரு பங்கால் குறைப்பதை இலக்காக வைத்தார். அதற்கென நிவாரண நிதியிலிருந்து 10 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. பின்னர் ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் அரசு இதை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. 2006இல் கையொப்பமிடப்பட்ட சட்டத்தின்படி, நல்ல மணவாழ்வுக்கும் பொறுப்புள்ள தந்தைமைக்குமாக ஆண்டுதோறும் 150 மில்லியன் டொலர் கிடைத்தது.

பெற்றோர் இருவரும் உள்ள வீடுகளில் வறுமை குறைவாகக் காணப்படுகிறது. ஆகவே திருமணத்தைப் பலப்படுத்தினால் வறுமை குறையும் என்று இதை ஆதரித்தோர் வாதித்தனர். மறுத்தோரோ, வறுமைதான் திருமணத்தை உடைக்கிறது, முதலில் தொழிலைக் கொடுங்கள் என்றனர்.

வகுப்பில் கற்பித்தவை

பல தம்பதியர் ஒன்றாக இருந்து பழகும் செயலமர்வுகளாகவே வகுப்புகள் நடந்தன. டென்வர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோவார்ட் மார்க்மன், ஸ்கொட் ஸ்ரான்லி ஆகியோர் உருவாக்கிய பாடம் ஒக்லஹோமாவில் கையாளப்பட்டது. அதன் முக்கிய பயிற்சி மிக எளியது. ஒருவர் கையில் ஓர் அட்டை இருக்கும். அட்டை உள்ளவரே பேசலாம். அவர் தமது மனதில் உள்ளதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மற்றவரின் மனதில் உள்ளதைத் தாமே ஊகித்துச் சொல்லக்கூடாது. கேட்பவர் மறுத்துப் பேசாமல், தமக்கு விளங்கியதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பின்பு அட்டை கைமாறும். இருவருக்கும் விளங்கிய பிறகே தீர்வு பற்றிக் கதைக்க வேண்டும். கோபம் மிஞ்சினால், இருவரும் முன்னரே ஒத்துக்கொண்டபடி பேச்சை நிறுத்தி, ஆறியபின் தொடர வேண்டும்.

ஆய்வுகள் காட்டியவை

இந்த வகுப்புகளின் பலனை அறிய அரசு இரண்டு பெரிய ஆய்வுகளைச் செய்வித்தது. சேர விரும்பிய தம்பதியரைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வகுப்பு நடத்தி, மறு பகுதியினருக்கு நடத்தாமல், பின்னர் இரு சாராரையும் ஒப்பிட்டனர்.

முதலாவது ஆய்வு, திருமணமாகாமல் குழந்தையை எதிர்பார்த்த அல்லது அண்மையில் பெற்ற 5,000க்கும் மேற்பட்ட சோடிகளைப் பற்றியது. எட்டு இடங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, மூன்று ஆண்டுகளின் பின் அவர்கள் சேர்ந்து வாழ்வதோ திருமணம் செய்வதோ கூடியிருக்கவில்லை. ஒக்லஹோமாவில் மட்டும் ஓரளவு நன்மை கண்டது. பால்ரிமோர் நகரில் முதல் 15 மாதங்களில் எதிர்மாறாக, வகுப்புக்குத் தெரிவானோரிடையே பிரிவு கூடியிருந்தது.

இரண்டாவது ஆய்வு, திருமணமான 6,298 வறிய தம்பதியரைப் பற்றியது. 2014இல் வெளியான அதன் முடிவின்படி, வகுப்புக்குத் தெரிவானோரிடையே அன்பும் ஆதரவும் சிறிது கூடின. மனதை நோகடிக்கும் பேச்சு சிறிது குறைந்தது. ஆனால் இரண்டரை ஆண்டுகளின் பின்னும் சேர்ந்திருப்போர் தொகை கூடவில்லை. ஒரு தம்பதியருக்குச் சராசரியாக 9,100 டொலர் செலவாகியிருந்தது. 2018இல் வெளியான இன்னோர் ஆய்வு, இரண்டு இடங்களில் நடந்த வகுப்புகளில் இதைவிடச் சற்று நல்ல பலனைக் காட்டியது.

ஆகவே, பேசும் முறையை மாற்ற வகுப்பு ஓரளவு உதவுகிறது. குடும்பத்தைப் பிரியாமல் வைத்திருக்கும் பலம் அதற்குத் தனியே குறைவு எனலாம்.

கமக்காரர் வீடுகளில் கண்டது

ஏன் இப்படி என்பதற்கு, அந்நாட்டுக் கமக்காரரிடையே முன்னரே நடந்த ஓர் ஆய்வு வெளிச்சம் தருகிறது. 1980களில் அயோவா மாநிலத்தில் காணி விலை விழுந்தது, வட்டி ஏறியது, கடன் கட்ட முடியாத பல குடும்பங்கள் தலைமுறையாகச் செய்துவந்த கமத்தை இழந்தன. 1989இல் ராண்ட் கொங்கர் என்ற ஆய்வாளரும் துணைவர்களும் அங்குள்ள 451 கிராமப்புறக் குடும்பங்களைத் தொடர்ந்து ஆராயத் தொடங்கினர்.

அவர்கள் கண்டது இது. கடன் நேரே சென்று திருமணத்தை உடைப்பதில்லை. முதலில் அன்றாடச் செலவுக்குத் தட்டுப்பாடு வருகிறது. அது மனச்சோர்வாகவும் எரிச்சலாகவும் மாறுகிறது. எரிச்சல் கடுஞ்சொல்லாகி வாழ்க்கைத் துணையின் மேல் விழுகிறது. காலப்போக்கில் இருவரும் ஒருவரையொருவர் குற்றவாளியாகப் பார்க்கத் தொடங்குகின்றனர். ஆனால் ஒருவருக்கொருவர் ஆதரவாக நின்ற தம்பதியரை இதே நெருக்கடி அவ்வளவாகத் தாக்கவில்லை. பிரச்சினைகளைச் சேர்ந்து கதைத்துத் தீர்க்கத் தெரிந்தவர்களும் சச்சரவுகளால் அவ்வளவு நொந்துபோகவில்லை.

வகுப்பு இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியையே, அதாவது கடுஞ்சொல்லையே, தொடுகிறது. தட்டுப்பாடு என்ற முதற்கண்ணி அப்படியே இருந்தால், கற்ற பாடம் நாளுக்கு நாள் சோதனைக்குள்ளாகும்.

நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை

1. காணியும் தொழிலும் போன பின் வீட்டில் சண்டை கூடினால், அது கணவனின் குணக்கேடோ மனைவியின் குணக்கேடோ என்று உடனே முடிவுகட்டக் கூடாது. வெளியிலிருந்து வந்த பாரம் உள்ளே பேசுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

2. மாறிமாறிப் பேசுவதற்கும் கேட்பதற்கும் அட்டையும் வேண்டாம், பணமும் வேண்டாம். பிள்ளைகள் உறங்கிய பின் அரை மணி நேரம் போதும். கடன், செலவு போன்ற ஒரு விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

3. அடி உதை உள்ள வீட்டுக்கு இப்பயிற்சி மருந்தல்ல. அமெரிக்கச் சட்டமே, இவ்வகுப்புகளை நடத்துவோர் குடும்ப வன்முறை பற்றிய நிபுணரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று விதித்தது. அடிபடுபவருக்குத் தேவை பாதுகாப்பு. பொறுமையைப் பற்றிய பாடம் அல்ல.

4. குடும்ப நலத்துக்கு வகுப்பு நடத்த வருவோரிடம், விதைநெல்லுக்கும் கடனுக்கும் வேலைக்கும் என்ன வழி என்றும் நாம் கேட்கலாம். அது நன்றிகெட்ட கேள்வியல்ல.

நல்ல சொல் வீட்டைத் தாங்கும். அந்தச் சொல் நிலைத்து நிற்க, அடுப்பும் எரிய வேண்டும்.