பாடசாலை இருந்த இடத்தில் ஒரு மைதானம்

றக்பி என்றதும் நம் நாட்டில் பலருக்குக் கண்டியும் கொழும்பும் பிராட்பி கேடயமும்தான் நினைவுக்கு வரும். நம் வீடுகளில் நானாமாரும் வாப்பாமாரும் புள்ளிக் கணக்கைப் பற்றி வாதிடுவதைக் கேட்டிருப்போம். உயர்தரத்தில் புவியியல் படிக்கும் எனக்கோ, ஆட்டத்தைவிட ஆட்டம் நடக்கும் இடத்தின் மீதுதான் ஆர்வம் அதிகம். பெரும் பணம் செலவழித்துக் கட்டப்படும் ஒரு மைதானம், போட்டி இல்லாத நாட்களில் அந்த ஊருக்கு என்ன செய்கிறது? இந்தக் கேள்விக்கு ஜப்பானின் இரண்டு மைதானங்களில் எனக்கு விடை கிடைத்தது.

2019ஆம் ஆண்டு றக்பி உலகக் கிண்ணப் போட்டிகள் ஜப்பானில் நடைபெற்றன. ஆசியக் கண்டத்தில் அந்தச் சுற்றுப்போட்டி நடந்தது அதுவே முதற்தடவை. செப்டெம்பர் 20 முதல் நவம்பர் 2 வரை 20 அணிகள் மோதின. வடக்கே சப்போரோ முதல் தெற்கே குமமோட்டோ வரை 12 மைதானங்கள் தெரிவுசெய்யப்பட்டன. அவற்றுள் 11 ஏற்கனவே இருந்தவை. போட்டிக்கென்றே புதிதாகக் கட்டப்பட்டது ஒன்று மட்டும்தான். அது டோக்கியோவிலோ ஒசாக்காவிலோ இல்லை. காமாய்ஷி என்ற சிறிய கடற்கரை ஊரில் இருக்கிறது.

காமாய்ஷி ஓர் இரும்புத் தொழில் நகரம். அங்குள்ள உருக்கு ஆலையின் றக்பி அணி 1979 முதல் 1985 வரை தொடர்ந்து ஏழு தடவைகள் ஜப்பானின் தேசிய சம்பியன் பட்டத்தை வென்றது. பின்னர் ஆலையின் உற்பத்தி குறைந்தது. ஊரின் சனத்தொகையும் குறைந்தது. 2011 மார்ச் 11ஆம் திகதி ஏற்பட்ட 9.0 அளவிலான நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் அந்த ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவு கொண்டன.

இன்று மைதானம் இருக்கும் உனோசுமாய் என்ற பகுதியில் அன்று ஓர் ஆரம்பப் பாடசாலையும் ஒரு கனிஷ்ட இடைநிலைப் பாடசாலையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அனர்த்த வரைபடத்தின்படி அவை அலை எட்டாத இடங்கள். ஆனாலும் நிலம் அதிர்ந்ததும் கனிஷ்ட பாடசாலை மாணவர்கள் மேட்டு நிலத்தை நோக்கி ஓடத் தொடங்கினர். தங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறியிருந்த சின்னப் பிள்ளைகள், அண்ணன்மாரும் அக்காமாரும் ஓடுவதைக் கண்டு இறங்கி அவர்களுடன் சேர்ந்துகொண்டனர். பெரியவர்கள் சிறியவர்களின் கைகளைப் பிடித்துக்கொண்டனர். முதலில் போய்ச் சேர்ந்த இடத்தில் குன்றின் மண் சரிவதைக் கண்டார்கள். உடனே இன்னும் உயரத்துக்கு ஏறினார்கள். பின்னர் அதையும் விட உயரத்துக்குச் சென்றார்கள். அலை வந்து இரண்டு பாடசாலைகளையும் மூழ்கடித்தபோது, ஓடிய ஏறத்தாழ 570 பிள்ளைகளும் உயிரோடு இருந்தனர்.

இதை அதிசயம் என்று பலர் சொன்னார்கள். ஆனால் அதற்குப் பின்னால் பல ஆண்டுப் பயிற்சி இருந்தது. வரைபடத்தை முழுதாக நம்பாதே, அந்த நேரத்தில் உன்னால் முடிந்த அனைத்தையும் செய், முதலில் ஓடுபவன் நீயாக இரு என்ற மூன்று விதிகளை அவர்களுக்கு ஏற்கனவே கற்பித்திருந்தார்கள். அதே உனோசுமாயில் கடலுக்கு அருகே ஓர் அனர்த்தத் தடுப்பு நிலையமும் இருந்தது. சுனாமிக்கென ஒதுக்கப்பட்ட புகலிடம் அதுவல்ல. வசதிக்காக ஒத்திகைகளை மட்டும் அங்கே நடத்தி வந்தனர். ஒத்திகையில் பழகியபடியே அன்றும் அங்கே ஓடியவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பயிற்சி உயிரைக் காக்கும். பிழையான இடத்தில் செய்த பயிற்சி உயிரை எடுக்கவும் கூடும். இந்த இரண்டையும் ஒரே ஊர் ஒரே நாளில் கற்றுக்கொண்டது.

பாடசாலைகள் மீண்டும் குன்றின் மேல் கட்டப்பட்டன. வெறுமையான பழைய நிலத்தில் மைதானம் அமைப்பதென்று முடிவானபோது, மக்கள் இன்னும் தற்காலிக வீடுகளில் இருக்கையில் மைதானம் எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அது நியாயமான கேள்வி. அதனால்தானோ என்னவோ, அந்த மைதானம் ஆடம்பரமின்றியே எழுந்தது. நிரந்தர ஆசனங்கள் ஏறத்தாழ 6,000 மட்டுமே. உலகக் கிண்ணத்துக்காக இன்னும் 10,000 ஆசனங்கள் தற்காலிகமாகப் போடப்பட்டன. ஆசனங்களில் ஒரு பகுதி, 2017இல் அவ்வூரில் ஏற்பட்ட காட்டுத் தீயில் பாதிக்கப்பட்ட மரங்களால் செய்யப்பட்டது. 2018 ஓகஸ்டில் நடந்த திறப்பு விழாவில் உரையாற்றியவர்களுள் என் வயதையொத்த மாணவி ஒருத்தியும் இருந்தாள். அன்று குன்றின் மேல் ஓடித் தப்பிய சிறுமிகளில் ஒருத்தி அவள். தான் படித்த பாடசாலை இருந்த மண்ணில் நின்று, உதவிய உலகத்துக்கு நன்றி சொன்னாள்.

2019 செப்டெம்பர் 25இல் அங்கு நடந்த போட்டியில் உருகுவே 30–27 என்ற புள்ளிக்கணக்கில் பிஜியை வென்றது. ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகள் பார்வையாளர் பகுதியில் நின்று நன்றிப் பாடல் பாடினார்கள். ஒக்டோபர் 13இல் நமீபியாவும் கனடாவும் மோதவிருந்தன. ஆனால் ஹகிபிஸ் சூறாவளியால் அந்தப் போட்டி இரத்துச் செய்யப்பட்டது. கனடா வீரர்கள் ஊரை விட்டுப் போய்விடவில்லை. மண்வெட்டி எடுத்து வீதிகளில் சேறு அள்ளினார்கள்.

அதே சூறாவளியில் யொகோஹாமா மைதானம் வேறொரு வேலை செய்தது. 70,000க்கும் அதிகமானோர் அமரக்கூடிய அந்த மைதானம், சுருமி ஆற்றின் வெள்ளம் தேங்குவதற்கென ஒதுக்கப்பட்ட தாழ்நிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்களின் மேல் நிற்கிறது. ஆற்றங்கரையின் ஒரு பகுதியை வேண்டுமென்றே தாழ்வாக அமைத்திருக்கிறார்கள். ஆறு பெருகினால் நீர் அதன் வழியே வழிந்து மைதானத்துக்குக் கீழும் சுற்றிலும் தேங்கும், ஊருக்குள் போகாது. ஆறு வடிந்ததும் நீரைத் திறந்து விடுவார்கள். அந்தச் சூறாவளியில் 9 இலட்சம் கன மீற்றருக்கும் அதிகமான நீர் அங்கே தேங்கியது. கீழே வெள்ளம் நிற்க, ஒக்டோபர் 13 இரவு மேலே ஜப்பான் 28–21 என்று ஸ்கொட்லாந்தை வென்று முதன்முறையாகக் காலிறுதிக்குச் சென்றது. இறுதிப் போட்டியும் அதே மைதானத்தில்தான். அதில் தென்னாபிரிக்கா இங்கிலாந்தை 32–12 என்று வென்றது.

2004 டிசம்பர் 26இல் நம் நாட்டிலும் கடல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு போனது. மருதமுனையும் சாய்ந்தமருதும் கல்முனையும் அழுத அழுகையை, அதன் பின்னர் பிறந்த என்னைப் போன்றவர்கள் மூத்தவர்கள் சொல்லித்தான் அறிந்திருக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் வெள்ளமும் வருகிறது. ஆகவே நம் ஊரில் ஒரு மைதானமோ பாடசாலைக் கட்டடமோ எழும்பும்போது, எத்தனை பேர் அமரலாம் என்பதோடு இரண்டு கேள்விகளையும் பெற்றோர் கேட்க வேண்டும்: மழை நீர் எங்கே போகும்? ஆபத்து வந்தால் பிள்ளைகள் எந்த வழியால் ஓடுவார்கள்?

மாணவியராகிய நாமும் ஒன்று செய்யலாம். நம் பாடசாலை வாசலிலிருந்து மிக அருகிலுள்ள மேட்டு நிலம் எது, அங்கே நடந்து போக எத்தனை நிமிடம் ஆகும் என்பதை இந்தத் தவணைக்குள் நடந்து பார்த்து அறிந்துகொள்வோம். ஆறாம் ஆண்டுத் தங்கைமாரையும் கையைப் பிடித்து அழைத்துச் செல்வோம். உனோசுமாயின் பிள்ளைகள் பிழைத்தது அப்படித்தான்.