கொக்கியில் தொங்கும் மோட்டார்

மோட்டார் வராத காலத்தில் பொற்கொல்லர் பட்டறையில் துளை போட வில்லும் தமரும்தான். ஒரு கை தமரின் தலையை அழுத்தும், மறு கை வில்லை இழுக்கும். நகையைப் பிடிக்கக் கை மிஞ்சாது. அரக்கில் பதித்துத்தான் நிறுத்த வேண்டும். வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆனால் உலோகம் எங்கே இறுகுகிறது, எங்கே வழிவிடுகிறது என்று விரலுக்கு அப்போதைக்கப்போது தெரிந்தது.

இன்று கோவையின் நகைப் பட்டறைகளில் பலகைக்கு மேலே, கொக்கியில் மோட்டார் தொங்குகிறது. அதிலிருந்து வளைந்து இறங்கும் ஃப்ளெக்ஸிபிள் ஷாஃப்டின் நுனியில் ஹேண்ட்பீஸ்; பேனாவைப் போலப் பிடிக்கலாம். பாரமெல்லாம் கொக்கிக்கு, வேகமெல்லாம் காலடிப் பெடலுக்கு. இடது கை நகையைப் பிடிக்க முழுதாகக் கிடைத்துவிட்டது. எனக்கு இந்தக் கருவியின் பெரிய வரம் அதுதான், வேகம் அல்ல.

இதற்குப் பல் மருத்துவத்தோடு நெருங்கிய உறவு. காலால் மிதித்து ஓட்டும் பல் துளைக்கும் எந்திரத்துக்கு அமெரிக்கரான ஜேம்ஸ் மாரிசன் 1871இல் காப்புரிமை பெற்றார். ஹேண்ட்பீஸில் மாட்டும் வெட்டுமுனைக்கு பர் என்று பெயர். இன்றும் நகைப் பட்டறைப் பர்களின் தண்டு பெரும்பாலும் 2.35 மி.மீ.; பல் மருத்துவரின் நேர் ஹேண்ட்பீஸில் மாட்டுவதும் அதே அளவு.

அன்று தேர்வென்று ஒன்றும் இல்லை, இருந்த வில்லை எடுத்தார்கள். இன்று வாங்கப் போகிறவரைக் குழப்புவது பெட்டியில் அச்சிட்ட எண். மோட்டாரையே கையில் பிடிக்கும் ட்ரெமல் வகைக் கருவிகள் நிமிடத்துக்கு 35,000 சுற்று வரை போகும். தொங்கும் மோட்டாரில் பெயர்பெற்ற ஃபோர்டம் எஸ்.ஆர். வகைக்கு 18,000தான். கல் பதிப்பவருக்கு அதுவே தாராளம். வெள்ளியிலோ தங்கத்திலோ பர் மிதமிஞ்சிச் சுற்றினால் சூடேறும், கூர் மழுங்கும், குழியும் கோணும். வேண்டியது, மெதுவாகச் சுற்றும்போதும் திணறாத இழுவிசை.

ஹேண்ட்பீஸிலும் கவனம் வேண்டும். ஒரே அளவுத் தண்டை மட்டும் ஏற்பதில் பர் மாற்றுவது நொடி வேலை. ஆனால் 3 மி.மீ. தண்டு வந்தால் கை விரிக்கும். முதல் கருவி வாங்குகிறவர், சாவி போட்டு இறுக்கும் சக் உள்ளதையே எடுக்கலாம். 4 மி.மீ. வரை ஏற்பதும் கிடைக்கிறது.

ஷாஃப்டின் உள்ளே எஃகுக் கம்பிகள் அடுக்கடுக்காக, அடுக்குக்கு ஒரு திசையாகச் சுற்றப்பட்டிருக்கும். அதைச் சுருக்கென்று மடக்கினால் உறையோடு உரசிச் சுடும்; அவ்வப்போது கிரீஸ் போடாவிட்டாலும் அதே கதி. கொக்கியின் உயரத்தை ஷாஃப்ட் அகலமாக வளைந்து இறங்கும்படி அமையுங்கள். ஷாஃப்டின் உள் கம்பியும் மோட்டாரின் கார்பன் பிரஷும் தேய்பவை. அவை உங்கள் ஊரில் கிடைக்காத மோட்டார் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பணம் கொடுக்குமுன் கண்ணாடி அணிந்து, பர் மாட்டி, பெடலை லேசாக மிதித்து மரத்துண்டில் அழுத்திப் பாருங்கள். மெல்லிய வேகத்தில் நின்றுபோகும் மோட்டாரை வாங்காதீர்கள்.