ஆலையும் அதிகாரமும்

ஓர் ஆலையினுள் புகுவார்க்கு முதற்கண் தோன்றுவன இயந்திரங்களே. அவற்றை இயக்குவோர்க்கு ஆணையிடுபவர் யார், அவர்க்கும் மேலே எத்துணைப் படிகள் உள என்பன கண்ணுக்குப் புலனாவன அல்ல. எனினும், ஆலையின் ஆக்கமும் கேடும் பெரும்பாலும் அப்புலனாகா அமைப்பையே பற்றி நிற்கின்றன. ஒரே பொருளை ஒரே வகை இயந்திரங்கொண்டு செய்யும் ஆலைகள் நாட்டுக்கு நாடு வெவ்வேறு அமைப்பினவாய் இருத்தற்குக் காரணம் யாது? இவ்வினாவே ஈண்டு ஆராயப்படுவது.

செய்தொழிலின் இயல்பே அமைப்பை வகுக்கின்றது என்பது ஒரு விடை. ஜோன் உட்வார்டு என்னும் ஆங்கில அம்மையார் 1950களில் தென் எஸ்ஸெக்ஸ் பகுதியில் 100 தொழிற்சாலைகளை ஆராய்ந்தார். பொருள்களை ஒவ்வொன்றாகச் செய்தளிக்கும் ஆலைகளில் நிர்வாகப் படிகள் பெரும்பாலும் 3. ஒரே பொருளைத் திரள்திரளாகச் செய்வனவற்றில் 4. எண்ணெய், இரசாயனம் போன்றவற்றை இடையறாது வடித்தெடுப்பனவற்றில் 6. தொழில் வேறுபட அமைப்பும் வேறுபட்டது. இவ்விடை மெய்யே, ஆயினும் முழு விடை அன்று.

மோரிஸ், ஸோர்கே, வார்னர் என்னும் மூவர் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய நாடுகளில் அளவாலும் தொழிலாலும் ஒத்த ஆலைகளை ஒப்புநோக்கி, 1980இல் தம் முடிபை வெளியிட்டனர். பிரெஞ்சு ஆலைகளில் மேற்பார்வையாளரும் அலுவலகத்தாரும் மிகுதி. ஜெர்மானிய ஆலைகளில் அவர் தொகை குறைவு. இதன் காரணத்தை ஆலைக்கு வெளியே, கல்வி முறையிற் காணல் வேண்டும். ஜெர்மனியில் இளைஞர் பலர், வாரத்திற் சில நாள் பள்ளியிலும் ஏனைய நாள் பட்டறையிலுமாகத் தொழில் பயில்கின்றனர். அவருள் தேர்ந்தோரே பின்னர் மேஸ்திரியாகின்றனர். கைத்திறம் உடையானுக்குக் காவல் மிகுதியும் வேண்டுவதின்று. சட்டமும் அமைப்பை மாற்றவல்லது: 1976ஆம் ஆண்டின் ஜெர்மானியச் சட்டம், 2,000 பேருக்கு மேற்பட்டோர் பணிபுரியும் கம்பெனிகளின் மேற்பார்வைச் சபையில் பாதி இடங்களைத் தொழிலாளர் தரப்புக்கு அளித்தது.

கல்வியும் சட்டமும் ஒருபுறமிருக்க, இவற்றினும் நுட்பமான காரணம் ஒன்று உண்டு, அது நம்பிக்கை. புளூம், சாதுன், வான் ரீனன் என்னும் பொருளியலார், அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா ஆகியவற்றில் ஏறத்தாழ 4,000 கம்பெனிகளை ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தலைமைக் காரியாலயத்தைக் கேளாமல் ஆலை மானேஜர் எவ்வளவு பணம் முதலீடு செய்யலாம்? வேலையாளைத் தாமே நியமிக்கலாமா? புதுப்பொருளைத் தாமே புகுத்தலாமா? இவையே அவர் வினவியவை. அயலாரை நம்பலாம் என மக்கள் கருதும் பகுதிகளில் தலைமையிடம் உடைய கம்பெனிகள், மானேஜருக்கு மிகுந்த உரிமை அளித்திருந்தன. அந்நம்பிக்கை குறைந்தவிடத்து, சிறு செய்திக்கும் தலைவர் வாயையே நோக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டுச் சான்று இதனை இன்னும் தெளிவுறுத்தும். மும்பைக்கு அருகிலுள்ள 17 நெசவுக் கம்பெனிகளின் 28 ஆலைகளில் புளூமும் பிறரும் நிகழ்த்திய ஆராய்ச்சி 2013இல் வெளிவந்தது. அங்கே முக்கியமான முடிவுகள் யாவும் முதலாளியின் குடும்பத்தார் கையிலேயே இருந்தன; அயலாரை அமர்த்தினால் திருட்டு நேரும் என்னும் அச்சமும், வழக்கு மன்றத்தில் விரைந்து நீதி கிடையாது என்னும் எண்ணமும் அதற்குக் காரணம். ஆதலின், ஒரு கம்பெனி எவ்வளவு வளரும் என்பதைத் துணியின் தேவையினும், குடும்பத்து ஆண்மக்களின் தொகையே பெரிதும் வரையறுத்தது! திறமை மிக்க மானேஜர் ஒருவர் ஆங்கிருந்தும், உறவினர் அல்லாமையின், அவர் அறிவு பயன்படாது ஒழியும். இழப்பு அவர்க்கு மட்டுமோ? புதிய ஆலை எழாமையின் வேலை பெறாது போனவர்க்கும் அன்றோ?

ஆயினும் இந்நிலை மாற்றற்கு அரியது அன்று. அவ்வாலைகளுட் சிலவற்றில், பழுதுகளை நாடோறும் ஏட்டிற் குறித்தல், இயந்திரங்களைக் காலந்தோறும் செப்பனிடுதல், சரக்கறையை ஒழுங்குபடுத்துதல் முதலிய முறைகள் புகுத்தப்பட்டன. முதலாண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது. அதனினும் வியப்பு, உள்ளது உள்ளபடி ஏட்டில் தெரியவே, முதலாளிகள் தம் மானேஜர்களுக்கு மிகுதியான உரிமையை விட்டுக்கொடுத்தமையாம். மூன்றாண்டுகளுக்குள் அவருடைய ஆலைகளின் தொகையும் பெருகியது.

இதனால் அறியத்தக்கது யாது? நம்பிக்கை ஒரு நாட்டாரின் பிறவிக்குணம் அன்று. கல்வியாலும் நீதியாலும் ஒளிவற்ற கணக்காலும் வளர்க்கப்படுவது. திருவள்ளுவனார் பொருட்பாலில் தெரிந்துதெளிதலை முன்வைத்து, தெரிந்துவினையாடலை அதன்பின் வைத்த முறையும் இதற்கு இயைவதே: ஆராய்ந்து தெளிக, தெளிந்தபின் வினையை அவன்பால் விடுக. ஆராயாது ஒப்படைப்பவன் பொருளை இழப்பான். ஆராய்ந்தும் ஒப்படையாதவன் வளர்ச்சியை இழப்பான்.