எலும்பில்லாதவற்றின் வரலாறு

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தை ஒட்டிய செம்மண் ஓடைகளில் நடந்துகொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் கையிலிருந்ததைப் பார்த்து, "என்ன தம்பி, துப்பாக்கிக் குண்டா?" என்றார். பார்க்க அப்படித்தான் இருக்கும். விரல் நீளம், ஒரு முனை கூர். பெலம்னைட் என்று பெயர். ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தபோது நீந்திய, கணவாய்க்கு உறவான ஒரு பிராணியின் உடலுக்குள் இருந்த சுண்ணாம்புத் தண்டு அது. சொன்னேன். "சரி, அப்ப மத்த உடம்பு எங்க போச்சு?" என்று கேட்டார். புதைபடிவங்கள் பற்றி நான் கேட்ட கேள்விகளில் இதைவிடச் சரியான கேள்வி வேறில்லை.

மத்த உடம்பு அழுகிப்போச்சு. செத்த உயிர் கல்லாவது விதியல்ல, விதிவிலக்கு. தின்பவை வருமுன் சேறோ மணலோ மூட வேண்டும். காற்றுப் புகாமல் இருந்தால் நல்லது. ஓடு, எலும்பு, பல் என்று கெட்டியாக ஏதாவது இருக்க வேண்டும். மூடிய படிவு பாறையாகி, உருகாமல், கரையாமல் தப்ப வேண்டும். கடைசியில், பார்க்கத் தெரிந்த ஒருவர் கண்ணில் பட வேண்டும். ஆகவே ஆழமற்ற கடலின் சிப்பிகளும் நத்தைகளும் ஏராளமாய் மிஞ்சின. மலைக்காட்டுப் பூச்சியும் புழுவும் காளானும் அரிதாகவே மிஞ்சின. தாவரங்களின் கதையோ இன்னும் சிக்கல். இலை ஓரிடம், மகரந்தம் ஓரிடம், தண்டு ஓரிடம் என்று சிதறிக் கிடைப்பதால் ஒரே மரத்தின் பாகங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. காரைக்குப் பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் கிடக்கிறது. நிலத்தில் நின்ற மரம் கடலுக்கு அடித்துவரப்பட்டுப் புதைந்து, திசுக்களில் சிலிக்கா ஊறிக் கல்லானது. ஒரு மரம் கிடைத்தது என்றால் ஒரு காடு கிடைக்கவில்லை என்றும் அதற்குப் பொருள்.

இதைத்தான் 'புதைபடிவப் பதிவு' என்கிறார்கள். பதிவு என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றுகிறது. பட்டா உள்ளவன் பெயர் மட்டும் ஏறும் கிராமக் கணக்கு மாதிரி, ஓடு உள்ளவற்றின் பெயர் மட்டும் ஏறிய பதிவேடு இது.

அப்படியானால் ஓடில்லாதவை இருந்தன என்று எப்படித் தெரியும்? எப்போதாவது ஒரு சாளரம் திறக்கிறது. 1909இல் சார்லஸ் வால்காட் கனடாவின் பர்ஜெஸ் ஷேல் பாறையில் கண்டது அப்படியொன்று. சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் திடீரெனப் புதைந்த மென்னுடலிகள், கண்ணும் குடலும் தெரியும்படி படிந்திருந்தன. அவற்றில் பெரும்பாலானவை சாதாரணப் பாறையில் சுவடே விடாதவை. ஆனால் வால்காட் அவற்றை ஏற்கெனவே அறியப்பட்ட இனங்களின் பெட்டிகளுக்குள் திணித்தார். சாளரம் திறந்தும் பழைய சட்டகமே பார்த்தது. 1970களில் ஹாரி விட்டிங்டனும் அவருடைய மாணவர்களும் அதே கற்களைத் திரும்ப எடுத்து மறுவாசிப்புச் செய்தார்கள். இறால் என்றும் ஜெல்லிமீன் என்றும் தனித்தனியே பெயரிடப்பட்டவை, அனோமலோகாரிஸ் வகைப் பெரிய வேட்டைப் பிராணிகளின் கையும் வாயும் என்று 1985இல் தெளிவானது. ஹாலுசிஜீனியா என்ற முள்ளுடலியைத் தலைகீழாக நிறுத்தியிருந்தார்கள். முட்களையே கால்கள் என்று எண்ணியிருந்தார்கள். சீனாவில் கிடைத்த உறவினப் படிவங்களைக்கொண்டு 1991இல் அது நிமிர்த்தப்பட்டது. அதன் தலை எந்தப் பக்கம் என்பது உறுதியாக 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கல் மாறவில்லை, வாசிப்பு மாறியது. ஆனால் ஒவ்வொரு வாசிப்பும் கல்லுக்கு முன் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஏனெனில் இங்கே இரண்டு பக்கமும் வழுக்கும். சீலகாந்த் மீனின் படிவங்கள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னோடு நின்றுபோகின்றன. அழிந்தது என்று எழுதியும் வைத்தார்கள். 1938இல் தென்னாப்பிரிக்கக் கரையில் அது வலையில் வந்தது. பதிவில் இல்லாதது இல்லாமல் போனதல்ல. சரிதான். ஆனால் அதே இடைவெளியை நம் ஆசையால் நிரப்பிக்கொள்ளலாமா? 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர், லெமூர் வகைப் பிராணிகள் மடகாஸ்கரிலும் அவற்றின் உறவினங்கள் இந்தியாவிலும் இருப்பதை விளக்க, கடலில் மூழ்கிய ஒரு நிலத்தை ஊகித்தார். கண்டங்களே நகர்கின்றன என்று நிறுவப்பட்ட பின் அந்த ஊகத்துக்கு வேலையில்லாமல் போனது. நாமோ அதை எடுத்து அதன்மேல் தமிழ் நாகரிகத்தையே குடியேற்றிவிட்டோம். 'ஆதாரம் இல்லை, ஆகவே நீ இல்லை' என்னும் அதிகாரத்தின் குரலை எதிர்ப்பவர்கள், 'ஆதாரம் இல்லை, ஆகவே எதையும் சொல்லலாம்' என்பதையும் எதிர்க்க வேண்டியிருக்கிறது.

மிஞ்சியதும் யாரிடம் போகிறது? இப்பகுதிப் படிவங்களைக் கம்பெனி ஆட்சிக்கால அதிகாரிகளான கேயும் கன்லிஃபும் திரட்டினார்கள். 1846இல் லண்டனிலிருந்து எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்தார். பிறகு கல்கத்தாவிலிருந்து ஸ்டோலிச்கா தொகுதி தொகுதியாக எழுதினார். அவை இன்றும் பயன்படும் நூல்கள், மறுக்கவில்லை. ஆனால் கணக்கு அத்தோடு முடியவில்லை. முப்பதாண்டுக் காலத்தில் உலகத் தரவுத்தளம் ஒன்றில் சேர்ந்த படிவத் தரவுகளில் 97 சதவீதம் பணக்கார, நடுத்தர-உயர் வருமான நாடுகளில் இருக்கும் ஆய்வாளர்கள் வழியே வந்தவை என்று 2021 இறுதியில் வெளியான ஆய்வொன்று காட்டியது.

நம்மிடம் தங்கியதன் கதி என்ன? அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளுக்கு 1980களின் இறுதியில் யாதகிரியும் அய்யாசாமியும் 'புருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். கால் எலும்பு ஒன்றே சுமார் 2 மீட்டர் என்று எழுதினார்கள். உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம். முதலில் ஊனுண்ணி என்றார்கள், பிறகு இலைதின்னி என்று திருத்தினார்கள், எலும்பே அல்ல, கல்மரம் என்று சந்தேகித்தவர்களும் உண்டு. எடுத்துப் பார்த்துவிடலாம் என்றால் எலும்பு இல்லை. அது சிதைந்து மண்ணாகிவிட்டது என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. 2022இல் பழைய புகைப்படங்கள் வெளியானபின், அவற்றைவைத்துத்தான் வாதம் நடக்கிறது. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் மண் காப்பாற்றியதை நாம் முப்பதாண்டு காப்பாற்றவில்லை.

அரியலூரின் சுண்ணாம்புக்கல்லே அந்தப் பழங்கடலின் மிச்சம்தான். சிமெண்டுக்காக அதை வெட்டுகிறோம். வெட்டும்போதுதான் படிவங்கள் வெளிப்படுகின்றன, வெட்டும்போதுதான் அரைபட்டும் போகின்றன. சிமெண்டே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த வேலையை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் வெடி வைக்குமுன் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும், கண்டதை எழுதிவைக்க வேண்டும், எடுத்ததை அதே மாவட்டத்தில் ஈரம் படாமல் வைக்க வேண்டும் என்று கேட்பதற்கு நிலவியல் பட்டம் தேவையில்லை. கல்லானது போக மிச்சம் எங்கே என்று கேட்கத் தெரிந்தால் போதும். ஆடு மேய்ப்பவருக்கு அது தெரிந்திருந்தது.