குருசடைத் தீவுக்குக் குடும்பத்தோடு ஒரு நாள்

கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு வெளியூர் போவது வணிகர்களாகிய நமக்கு எவ்வளவு அபூர்வம் என்று அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொள்முதல், பாக்கி வசூல், ஜி.எஸ்.டி. கணக்கு என்று ஒன்று போனால் ஒன்று வந்து நிற்கும். பேரப்பிள்ளைகளின் பிடிவாதத்தால்தான் இந்தப் பிப்ரவரியில் நாங்கள் ஆறு பேர் மந்தைவெளியிலிருந்து கிளம்பி, தாம்பரத்தில் ராமேஸ்வரம் ரயில் ஏறினோம். 1914இல் கட்டிய பழைய பாம்பன் பாலத்துக்குப் பதிலாக, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் மேல் விடியற்காலையில் ரயில் மெல்ல ஊர்ந்தபோது பெட்டியே ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது.

ராமேஸ்வரத்தில் குளித்து, சாமி தரிசனம் முடித்து, வேன் பிடித்துக் குந்துகால் சென்றோம். இலங்கையிலிருந்து வந்த சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று கரையேறிய இடம் அது. அங்கிருந்துதான் குருசடைத் தீவுக்கு வனத்துறையின் படகு. கரையிலிருந்து பார்த்தாலே தீவு தெரிகிறது. அந்தப் பகுதி மக்கள் வடக்கே உள்ள பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். நாங்கள் போனது ஆண் கடலில். அன்றைக்கு அது நல்ல பிள்ளையாகவே இருந்தது. வீட்டம்மா மட்டும் கண்ணை மூடிக்கொண்டே வந்தார்கள்.

தீவில் வெள்ளை மணல், முழங்கால் ஆழத்தில் கண்ணாடி போன்ற தண்ணீர். தூத்துக்குடி வரை வரிசையாக உள்ள 21 தீவுகளில் இதுவும் ஒன்று. அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தூக்குவாளியில் கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டு முடித்த நேரத்தில், எட்டு வயதுப் பேரன் கரையில் ஒதுங்கிக் கிடந்த வெள்ளைக் கல் ஒன்றைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வழிகாட்ட வந்த இளைஞர் பார்த்துவிட்டார்.

"தம்பி, அது பவளப்பாறைத் துண்டு. இங்கேயிருந்து ஒண்ணும் எடுத்துட்டுப் போகக் கூடாது."

"கரையில சும்மாதானே தம்பி கிடக்குது?" என்றோம் நாங்கள்.

"இப்படிச் சும்மா கிடக்குதுன்னு எடுத்துத்தான் ஐயா ரெண்டு தீவு போச்சு" என்றார் அவர்.

பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. பவளப்பாறை அலையின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் அரண். அதைப் பெயர்த்துவிட்டால் அலை நேராக வந்து மணலை அரிக்கும். பல ஆண்டுகள் படகு படகாகப் பாறையைப் பெயர்த்து எடுத்தார்கள். வீடு கட்டவும், கார்பைடு செய்யவும், பெரும்பாலும் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கவும் அது போயிற்று. 2001இல்தான் வனவிலங்குச் சட்டத்தில் பவளத்தைச் சேர்த்து முழுத் தடை வந்தது.

சுண்ணாம்பு என்ற சொல் காதில் விழுந்ததும் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. இன்று நாங்கள் பெயிண்ட் மொத்த வியாபாரம். ஆனால் அப்பா காலத்தில் எங்கள் கடை சுண்ணாம்பு, காவிப்பொடி, நீலம் விற்ற கடை. பொங்கலுக்கு முந்திய மாதம் மூட்டைகள் வண்டி வண்டியாகப் போகும். தெற்கிலிருந்து வந்த சரக்கில் ஒரு ரகம் நீற்றினால் பால் போல இருக்கும். அதற்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூடுதல் விலை வைத்தோம். கிளிஞ்சலா, கல்லா, பவளமா என்று அப்பாவும் கேட்டதில்லை, கல்லாவில் உட்கார்ந்திருந்த நாங்களும் கேட்டதில்லை. எடை சரியா, ஈரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம். எடுத்தவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு எடுத்தார்கள். வாங்க ஆள் இருந்ததால்தானே எடுத்தார்கள்?

பேரன் கல்லைத் திரும்ப வைத்துவிட்டு, "தாத்தா, நம்ம பழைய வீட்டுச் சுவத்துல இது இருக்குமா?" என்றான். இருக்கலாம் என்றோம்.

தூத்துக்குடிப் பக்கம் தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க 2015 முதல் கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். அதில் மீண்டும் பவளம் பிடிக்கிறதாம். அந்த இளைஞர் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

போக நினைக்கும் அன்பர்கள் மார்ச்சுக்குள் போய்வருவது நல்லது. பிறகு தென்மேற்குக் காற்று கிளம்பினால் ஆண் கடல் தன் குணத்தைக் காட்டும், படகும் ஓடாது. சாப்பாட்டைப் பாத்திரத்தில் கட்டிக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். கடைச் சாவியைப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். எங்களைப் போல மணிக்கு ஒரு தரம் போன் செய்யாதீர்கள்.